தைலம் தேய்த்ததும் கால் துடிக்கிறது, மூலிகை வேலை செய்கிறதா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 26 வயது. நான்கு மாதத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு டி10 என்ற இடத்தில் உடைந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன் செய்து ராடும் ஸ்குரூவும் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஏஷியா ஏ' என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் கொடுத்த மூலிகைத் தைலத்தை மூன்று வாரமாகச் சூடு செய்து தேய்க்கிறோம். பத்து நாளாகக் கால் தானாகத் துடிக்கிறது, சில சமயம் முழங்கால் மடங்கவும் செய்கிறது. மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர், ஒரு மண்டலம் தங்கினால் நடக்க வைத்துவிடுவேன் என்கிறார். 85,000 ரூபாய் ஆகும். இங்கிலீஷ் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வரவேண்டுமாம். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். மஞ்சளும் சீன மூலிகையும் தண்டுவடத்தைச் சரி செய்வதாக ஆராய்ச்சியே வந்திருக்கிறது என்று தம்பி மொபைலில் காட்டுகிறான். போகலாமா? (ஒரு அக்கா, திண்டுக்கல் மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். அந்தத் தைலத்தைச் சூடு செய்வதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், சூடு அதிகம் என்று தெரிந்தவுடன் நாம் காலை இழுத்துக்கொள்வோம், அல்லது ஐயோ சுடுது என்று கத்துவோம், உங்கள் தம்பிக்கு அந்த இரண்டுமே இப்போது இல்லை. உணர்ச்சி இல்லாத தோலில் ரத்த ஓட்டமும் பழையபடி இருக்காது, பட்ட சூட்டை உடம்பு வேகமாக வெளியேற்றாது. நம் கைக்கு இதமாக இருக்கிற சூடு அவர் காலில் கொப்புளம் போட்டுவிடும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அவனுடைய அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்து உப்பு மூட்டையால் ஒத்தடம் கொடுத்திருந்தார், அத்தனை பாசமாக. காலையில் பார்த்தால் கெண்டைக்கால் முழுக்கக் கொப்புளம். அது ஆறி, தோல் வைத்துத் தைத்து, அவன் மறுபடி வீல்சேரில் உட்கார ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவனுக்குப் பிசியோதெரபி நடந்திருக்க வேண்டிய மாதங்கள்.

சரி, இப்போது கால் துடிப்பதற்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இந்தப் பத்து நாளாக எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தண்டுவடத்தில் பலத்த அடி பட்டவுடன், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் அதிர்ச்சியில் அடங்கிப் போய்விடும். கால் துணி மாதிரி தொய்ந்து கிடக்கும், சுத்தியலால் தட்டினாலும் துள்ளாது. இது சில வாரங்கள் நீடிக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அப்புறம் அந்தக் கீழ்ப்பகுதி விழித்துக்கொள்ளும். டி10-க்குக் கீழே தண்டுவடம் செத்துப்போகவில்லை, உயிரோடுதான் இருக்கிறது, மூளையோடு இருந்த தொடர்புதான் அறுந்திருக்கிறது. அதனால் அது மூளையைக் கேட்காமல் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். போர்வையை இழுத்தால் கால் உதறும், தொடையில் கை வைத்தால் முழங்கால் மடங்கும், மூத்திரப்பை நிறைந்தால் இரண்டு காலும் இறுகும். தைலம் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் இந்த மாதிரி அடிபட்ட பெரும்பாலானவர்களுக்கு இது வரும். நீங்கள் தேய்க்க ஆரம்பித்த வாரமும் அது வரவேண்டிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

நீங்களே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, யாரும் காலைத் தொடாமல், வலது கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள், பிறகு நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவை கேளுங்கள். கேட்டபோதெல்லாம் அசைந்து, நிறுத்து என்றதும் நின்றால் அது மூளையிலிருந்து வருகிற அசைவு, உடனே அவரை டாக்டரிடம் காட்டவேண்டிய நல்ல செய்தி. கேட்கும்போது வராமல், தானாகத் தோன்றும்போது மட்டும் வந்தால் அது அந்தத் தன்னிச்சைத் துடிப்பு. துடிப்பு திடீரென்று அதிகமானால் தைலம் வேலை செய்கிறது என்று நினைக்காமல், டியூப் அடைத்திருக்கிறதா, சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறதா, மலச்சிக்கலா, எங்கேயாவது புண்ணா, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். வலி தெரியாத உடம்பு தன் தொந்தரவை இந்தத் துடிப்பால்தான் தெரிவிக்கும்.

அப்படியானால் அந்த வைத்தியரிடம் போய் நடந்து வந்தவர்கள் என்று காட்டுகிறார்களே, அவர்கள் எல்லாம் பொய்யா? இல்லை. பெரும்பாலும் அவர்கள் உண்மையாகவே நடந்திருப்பார்கள். சம்மரியில் உள்ள அந்த 'ஏஷியா' எழுத்துதான் இங்கே முக்கியம். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே, ஆசனவாய் வரைக்கும், உணர்ச்சியும் அசைவும் அறவே இல்லை. பி என்றால் உணர்ச்சி மட்டும் மிச்சம் இருக்கிறது. சி, டி என்றால் அசைவும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கொஞ்சமாவது மிச்சம் இருப்பவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் வரும், அதற்குப் பிறகும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை மெதுவாக வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருந்தார்களோ, என்ன குடித்தார்களோ அதற்குப் பெயர் போய்விடும். அந்த வைத்தியரும் தன் மருந்தை மனதார நம்பலாம், அவரைத் திட்ட நான் இதை எழுதவில்லை. எங்கள் பக்கமும் இதே கதைதான் நடந்தது. மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் அதிக அளவில் ஏற்றினால் பலன் உண்டு என்று 1990-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது, உலகம் முழுக்க ஏற்றினோம், நானும் ஏற்றியிருக்கிறேன். பிறகு கூர்ந்து பார்த்தபோது பலன் மிகக் குறைவு, கிருமித் தொற்றும் வயிற்றில் ரத்தக்கசிவும் அதிகம் என்று தெரிந்தது, இன்று அதை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அறுந்த தண்டுவடத்தைத் திரும்ப வளர வைக்கிற மருந்து எங்களிடமும் இல்லை சகோதரி. இருந்திருந்தால் ஆபரேஷன் ஆன அன்றைக்கே உங்கள் தம்பிக்குக் கொடுத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த 'ஏ' போட்டது விபத்து நடந்த சமயத்தில். நான்கு மாதம் ஆகிவிட்டது, மறுபடி ஒருமுறை முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், ஆசனவாய் உணர்ச்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு ஏ என்பது பி ஆகவோ சி ஆகவோ மாறியிருக்கும். தம்பி நடப்பானா என்று இப்போது ஓரளவுக்காவது சொல்லக்கூடியது இந்தப் பரிசோதனைதான்.

தம்பி மொபைலில் காட்டும் ஆராய்ச்சி பொய்யில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின், நம் அமுக்கரா, வல்லாரை, சீனாவின் ஜின்செங் எல்லாவற்றையும் தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பல ஆய்வுகளில் எலி கொஞ்சம் நன்றாக நடந்திருக்கிறது. சீனாவில் புயாங் ஹுவான்வு என்று ஒரு கஷாயம் உண்டு, 1830-ல் வாங் சிங்ரென் என்ற வைத்தியர் எழுதி வைத்தது, ஏழு சரக்கு, அதில் குசும்பப்பூவும் உண்டு, மண்புழுவும் உண்டு. அவர் அதை எழுதியது பக்கவாதத்துக்கு. பிற்காலத்தில்தான் தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த எலிகளுக்கு எப்போது, எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். தண்டுவடத்தில் அடி விழும் நொடியில் ஒரு சேதம் நடக்கிறது, அதற்குப் பிறகு வீக்கம், ரத்தக்கசிவு, அழற்சி என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் இரண்டாவது சேதம் ஒன்று பரவுகிறது. மூலிகைச் சத்துக்கள் எலியிடம் குறைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சேதத்தைத்தான். அதனால்தான் அடி கொடுத்த சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ மருந்தைப் போட்டுவிடுகிறார்கள், சில ஆய்வுகளில் அடி கொடுப்பதற்கு முன்பே. பலவற்றில் வாய்வழியாகக்கூட இல்லை, வயிற்றுக்குள் ஊசியாக. மஞ்சளை நாம் வாயால் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது சொற்பம். அதோடு பல எலிகளுக்கு அடி அரைகுறையாகத்தான் கொடுக்கப்படும், சும்மா விட்டாலே ஓரளவு தேறிவிடும். உங்கள் தம்பிக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த இரண்டாவது சேதம் எப்போதோ நடந்து முடிந்து, அந்த இடத்தில் தழும்பு கட்டியிருக்கும். எலியிடம் அந்த மருந்து தடுத்த காரியம் இவரிடம் தடுப்பதற்கு மிச்சம் இல்லை.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சீன மூலிகைகளிலிருந்து செய்த நியூரோஎய்ட் என்ற மருந்தைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தார்கள், ஆசிய நாடுகளில் சுமார் 1,100 பேர், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரிகிற வெறும் கேப்சூல், யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. 2013-ல் முடிவு வந்தது. மூன்றாவது மாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூலிகையையும் இப்படி நேர்மையாகச் சோதிக்க முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்த மாதிரி ஒரு சோதனையில், பழைய தண்டுவடக் காயத்தில் நின்று ஜெயித்த மூலிகை இன்றுவரை ஒன்றும் இல்லை.

அதற்காக மூலிகையே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மலம் கழிக்க நாங்கள் தினமும் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று சென்னா. அது நம் நிலவாகை இலையின் சத்து, திருநெல்வேலிப் பக்கம் விளைந்ததற்கு உலக வியாபாரத்தில் டின்னவெல்லி சென்னா என்றே பெயர். மிளகாயின் காரச் சத்தைப் பட்டையாக ஒட்டி நரம்பு வலிக்குக் கொடுக்கிறோம். பலன் நிரூபணமானால் எங்கள் அலமாரியிலும் மூலிகைக்கு இடம் உண்டு. ஆறின எண்ணெயை மெதுவாகத் தடவி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பிடித்துவிடட்டும், தோல் வறளாமல் இருக்கும், மூட்டு இறுகாமல் இருக்கும், தம்பிக்கும் மனதுக்கு இதம். அமுக்கி, முறுக்கி, நீவி விடுவது மட்டும் கூடாது. அசையாத காலில் எலும்பு சில மாதத்திலேயே மெலிந்துவிடும், பலமாக மடக்கினால் முறியும், முறிந்ததும் அவருக்குத் தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்து உயிரையே எடுத்துவிடும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய வரி, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வரவேண்டும் என்பது. தம்பி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கால் இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் கொடுத்திருந்தால் அதை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், கடும் காய்ச்சல் வரலாம், புத்தி தடுமாறலாம். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் அதுவும் அப்படித்தான், டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, லேகியம், செந்தூரம், பற்பம் என்று கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். லிங்கச் செந்தூரம் போன்றவை பாதரசச் சரக்கு. 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சாதாரண ஆளுக்கே அது கெடுதல். உங்கள் தம்பிக்குச் சிறுநீரகம்தான் இனி ஆயுள் முழுக்கக் காப்பாற்ற வேண்டிய உறுப்பு, அதில் பாதரசத்தைக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், பேக்லோஃபெனும் நரம்பு வலி மாத்திரையும் ஏற்கெனவே அதைத்தான் செய்கின்றன, சிலருக்குக் கல்லீரலும் பாதித்திருக்கிறது. கட்டாயம் சித்த மருந்து வேண்டும் என்றால் பட்டம் பெற்ற, அரசுப் பதிவு உள்ள சித்த மருத்துவரிடம் போங்கள், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. நல்ல சித்த மருத்துவர் யாரும் உங்களை இங்கிலீஷ் மாத்திரையை நாளைக்கே நிறுத்து என்று சொல்லமாட்டார், நடக்க வைப்பேன் என்று தேதியும் குறிக்கமாட்டார். செயலிழந்த கைகாலைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் ஒன்று தடை செய்கிறது, அந்தப் பட்டியலில் பாரலிசிஸ் என்று பெயர் போட்டே இருக்கிறது.

அம்மாவின் நகையைப் பற்றி. அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, தொடுவதானால் எதற்காக என்று மட்டும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சில மாதங்களில், ஓரிரு வருடங்களில் இறந்துவிடுவார்கள், தண்டுவடத்தால் இல்லை, படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் தனிப் பிரிவு ஆரம்பித்து, நோயாளிகளை மணி பார்த்துப் புரட்டிப் போட்டு, மூத்திரப்பையைச் சுத்தமாக வைத்து, எழுப்பி உட்கார வைத்து விளையாடவே வைத்தார். தண்டுவடத்தை அவரும் ஒட்டவைக்கவில்லை. ஆனால் அவர் நோயாளிகள் வாழ்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள். உங்கள் பணம் அந்த மாதிரிக் காரியத்துக்குப் போகட்டும், உடம்புக்கு அளவெடுத்த வீல்சேர், நல்ல மெத்தை, டியூப், பயணச் செலவு.

நிரந்தர டியூபை எடுத்துவிட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே டியூப் விட்டு எடுக்கும் பழக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கை நன்றாக இருக்கிறவர், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார், ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக்கூடாது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். வீல்சேரில் உட்காரும்போது பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் ஒருமுறை கையை ஊன்றி அவரே பிட்டத்தைத் தூக்கவேண்டும், அலாரம் வைத்துக்கொடுங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் புனர்வாழ்வு மையம் 1966-லிருந்து இருக்கிறது, அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், அப்புறம் வெளிநாடு போய்ப் புனர்வாழ்வு மருத்துவமே படித்துவிட்டு வந்தார். உங்களுக்கு அதைவிடப் பக்கம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி. அங்கே அமர் சேவா சங்கம் நடத்தும் எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைக்கு ஆள் எடுக்கும் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து 1981-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி எடுக்க அங்கே வசதி உண்டு. ஒரு மண்டலம் எங்காவது தங்குவது என்று முடிவு செய்திருந்தால் அங்கே தங்குங்கள். முதலில் தம்பியை ஒருநாள் அழைத்துப்போய், தன்னைப் போலவே அடிபட்டவர்கள் படுக்கையிலிருந்து வீல்சேருக்குத் தாவுவதை, டியூப் விடுவதை, வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்க்க விடுங்கள். நானோ நீங்களோ சொல்வதைவிட அவர்கள் சொன்னால் கேட்பார், 26 வயதுப் பையன் இல்லையா. கூடவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, மாத உதவித்தொகை, வீல்சேர், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் மனு கொடுத்து வையுங்கள், அலையத்தான் வேண்டியிருக்கும், ஆனால் கிடைக்கும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்ய, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கால் துடிப்பைப் பற்றித் தம்பியிடம் நீங்களே சொல்லவேண்டாம். மறு பரிசோதனை செய்யும் டாக்டரே அவருக்கு நேராக விளக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இன்றிரவு அவர் தூங்குவதற்கு முன் மொபைல் டார்ச்சை அடித்து இரண்டு குதிகால், கணுக்கால் ஓரம், இடுப்புப் பக்கவாட்டு எலும்பு, பிட்டத்தின் நடு எலும்பு, தைலம் தேய்த்த கெண்டைக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது, நிறம் பழையபடி ஆகும்வரை அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள். கொப்புளம் ஏதாவது இருந்தால் உடைக்காமல், எண்ணெய் தடவாமல், காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.